அரை மணி நேரம் முந்தி ஓடுற வாட்ச்!

சாவி கொடுக்கிற வாட்ச் லேட்டா ஓடினா, ‘வயசாயிடுச்சு, எண்ணெய் காய்ஞ்சிருக்கும்’னு விட்டுடலாம். நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின வாட்ச், இன்னிக்குக் காலையிலேர்ந்து குதிரை மாதிரி பாய ஆரம்பிச்சா? ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் இல்லை பாஸ்... ஒரு நாளைக்கு முழுசா அரை மணி நேரம்!

என் கையில் இருக்கிறது ஹெச்.எம்.டி. ஜனதா. அப்பா அரசு பஸ் கண்டக்டர். அவர் வேலைக்குச் சேர்ந்தப்போ தாத்தா வாங்கிக் கொடுத்தது. டிரிப் ஷீட்டில் வண்டி கிளம்பின நேரம், போய்ச் சேர்ந்த நேரம் எல்லாம் இதைப் பார்த்துத்தான் எழுதுவார். டிக்கெட் மெஷினிலேயே மணி காட்ட ஆரம்பிச்ச பிறகு வாட்ச் பீரோவுக்குப் போச்சு. நான் காலேஜ் சேர்ந்ததும் என் கைக்கு வந்துடுச்சு.

அது இப்படித் திடீர்னு ஓட ஆரம்பிச்சதும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கலை. “மெஷின் போயிடுச்சு தம்பி. அதைத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மெஷின் மாட்டிடலாம். முந்நூறு ரூபா. டயல், முள்ளு எல்லாம் அதேதான், வெளியே பார்த்தா வித்தியாசமே தெரியாது!” அப்பாவுக்கு போன் போட்டா, “மாத்திடுப்பா, மணி சரியா காட்டினா போதும்”னுட்டார். எனக்குத்தான் மனசு வரலை. தாத்தா வாங்கினது வெறும் டயலும் கண்ணாடியுமா?

இன்னொரு விஷயமும் இருக்கு. 1961-ல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் செய்ய இறங்கின நிறுவனம் ஹெச்.எம்.டி. அதன் வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசே ஒப்புதல் கொடுத்துடுச்சு. கழட்டி எறிஞ்ச மெஷினுக்கு பதிலா கம்பெனியில் போய் புதுசு வாங்க முடியாது. போனா போனதுதான்.

சரி, நாமளும் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்தானே, யோசிச்சுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். இதுக்குப் பெரிய புத்தகமெல்லாம் வேண்டாம். ஸ்கூல்ல பெஞ்ச் ஓரத்தில் ஸ்கேலை அமுக்கிப் பிடிச்சு ‘டர்ர்ர்’னு தட்டி டீச்சர்கிட்ட திட்டு வாங்கியிருப்பீங்களே, அது ஞாபகம் இருந்தா போதும். ஸ்கேல் நீளமா வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா மெதுவா ஆடும். உள்ளே இழுத்துக் குட்டையாக்கினா வேகமா ஆடும். வாட்சுக்குள்ளே இருக்கிறதும் இதே கதைதான். பாலன்ஸ் வீல்னு ஒரு குட்டிச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கு. அதை ஆட்டிவைக்கிறது ஹேர் ஸ்பிரிங். பேருக்கேத்த மாதிரி முடி போல மெலிசான சுருள். ஜனதாவில் ஒரு மணி நேரத்துக்கு 18,000 டிக். அதாவது விநாடிக்கு 5.

இந்தச் சுருள் எந்த வழியிலாவது ‘குட்டை’யானா வாட்ச் வேகமா ஓடும். எவ்வளவு குட்டையாகணும்? கணக்குப் போட்டேன். ஆடுற நேரம், நீளத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 24 மணி நேரத்தில் 30 நிமிஷம் கூடினா, வேகம் சுமார் 2 சதவிகிதம் அதிகம். அதுக்கு நீளம் 4 சதவிகிதம் குறைஞ்சா போதும். அவ்ளோதான்! சுருளோட ஒரு சின்னத் துண்டு வேலை செய்யாம போனாலே ஒரு நாளைக்கு 9,000 டிக் எக்ஸ்ட்ரா. இதுல ‘மெஷின் போறது’க்கு என்ன இருக்கு?

சுருளை யாரும் வெட்டலை. அப்புறம் எப்படிக் குட்டையாச்சு? அடுத்தடுத்த சுற்றுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா போதும். ஒட்டின இடம் ஆடாது. எண்ணெயோ ஈரமோ பட்டாலும் ஒட்டும். கீழே விழுந்த அதிர்ச்சியில் ஒரு சுற்று தாவிப் போய் ரெகுலேட்டர் ஊசியில் மாட்டிக்கிட்டாலும் இதே கதிதான். ஆனா எதுவுமே நடக்காம, விழாம, நனையாம வேகம் எகிறினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது காந்தத்தை. காந்தம் ஏறின சுற்றுகள் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும்.

வெப்பத்தால் நேரம் மாறக் கூடாதுன்னு ஹேர் ஸ்பிரிங்குக்காகவே நிக்கல் கலந்த இரும்பில் ‘எலின்வார்’னு ஒரு உலோகக் கலவையைக் கண்டுபிடிச்சவர் சார்ல்ஸ் எட்வர்ட் கியோம். நிக்கல்-இரும்பு ஆராய்ச்சிக்காக 1920-ல் ஃபிஸிக்ஸ் நோபல் பரிசு வாங்கினவர். நோபல் வாங்கின ஆளோட உலோகத்துக்கும் காந்தம்னா கொஞ்சம் வீக்னஸ்தான்!

டெஸ்ட் ரொம்ப ஈஸி. ஒரு சாதாரண திசைகாட்டியை டேபிள்ல வைங்க. வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவா சுத்துங்க. முள் சும்மா இழுபட்டா மட்டும் போதாது, எந்த இரும்பும் இழுக்கும். ஒரு பக்கம் இழுத்து, வேறொரு பக்கம் தள்ளினா... காந்தமேதான். விலக்கல்தான் உறுதியான சோதனைன்னு ஸ்கூல்லயே படிச்சோமே! என் ஜனதா முள்ளை நல்லாவே தள்ளிச்சு. (போன்ல இருக்கிற காம்பஸை நம்பி வாட்சை அது மேலேயே வைக்காதீங்க. போன் ஸ்பீக்கருக்குள்ளேயே காந்தம் இருக்கு.)

அதோட வேறொரு கடைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் உட்கார்ற அளவு இடம். கண்ணில் லென்ஸ் மாட்டின பெரியவர், மூடியைத் திறந்து அரை நிமிஷம் பார்த்தார். “மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி, காந்தம் புடிச்சிருக்கு” என்றார். கரன்ட் ஓடுற ஒரு காயில் பெட்டி மேல வாட்சை வெச்சு, பட்டனை அமுக்கிக்கிட்டே மெதுவா கை நீளத்துக்கு மேலே தூக்கினார். பிறகுதான் பட்டனை விட்டார். முடிஞ்சது! 50 ரூபாய் வாங்கிக்கிட்டார்.

அந்த ‘மெதுவா தூக்குறது’லதான் சூட்சுமமே இருக்கு. வீட்டு கரன்ட் விநாடிக்கு 100 தடவை திசை மாறி மாறி வரும். காந்தப் புலமும் அதோட புரண்டுக்கிட்டே இருக்கும். வாட்ச் விலக விலக புலம் சிறுத்துக்கிட்டே வந்து, கடைசியில் ஒண்ணுமில்லாம ஆயிடும். செகண்ட் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின ஹிஸ்டெரிசிஸ் வளையம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகிறது இதுதான். பக்கத்தில் இருக்கும்போதே பட்டனை விட்டா, காந்தம் மறுபடி உள்ளேயே தங்கிடும்.

அடுத்த நாள் ரேடியோ மணியோட ஒத்துப் பார்த்தேன். 24 மணி நேரத்தில் 20 விநாடிதான் கூட. அப்பாகிட்ட சொன்னதுக்கு, “என்கிட்ட இருக்கும்போதே அது 20 விநாடி முன்னாடிதான் ஓடும்”னார். கண்டக்டர்கிட்ட கணக்கு தப்புமா!

உங்க வாட்ச்ல திசைகாட்டி முள் தள்ளுப்படலைன்னா, காயில் பெட்டியால பிரயோஜனம் இல்லை. அப்போ ஹேர் ஸ்பிரிங்கை லென்ஸ் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஒட்டியிருந்தா கழுவணும், மாட்டியிருந்தா எடுத்துவிடணும். ரெண்டுமே பழகின கை செய்ற வேலை. நீங்க ஊசியை உள்ளே விடாதீங்க. ரெகுலேட்டரைத் தள்ளி வேகத்தைக் குறைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னாலும் வேண்டாம்னுடுங்க. சில விநாடி வித்தியாசத்துக்குத்தான் அது. அரை மணி நேரத்துக்கு இல்லை.

காந்தம் எங்கேர்ந்து ஏறும்னு கேட்டா, ஹாஸ்டல் ரூமே ஒரு காந்தச் சுரங்கம். ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹெட்போன், லேப்டாப் மூடி, ‘டப்’னு ஒட்டுற ஹேண்ட்பேக் பட்டன், முதுகில் காந்த வளையம் வெச்ச போன் கவர்... ராத்திரி வாட்சை இதுங்க பக்கத்தில் வைக்காதீங்க. மெக்கானிக்கல் மக்களே, சர்ஃபேஸ் கிரைண்டிங் லேப் அன்னிக்கு வாட்ச் பைக்குள்ள இருக்கட்டும். ஜாப்பை அசையாமப் பிடிச்சுவைக்கிற அந்த மேக்னெட்டிக் சக், ஹேர் ஸ்பிரிங்கை மட்டும் சும்மா விடுமா என்ன?