விட்டுவைப்பது

மூலம் என்ற சொல்லுக்கு நம் சிறு பத்திரிகைகளில் ஒரே அர்த்தம்தான்: மொழிபெயர்ப்பாளர் எதிலிருந்து பெயர்த்தாரோ அது. இன்னொரு அர்த்தம் சுவர் விளம்பரங்களுக்கும் ஆபீஸ் சிரிப்புக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஐந்து வருஷமாக வங்கிக் கவுண்டரில் அதன் மேல் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னுடையது உள்மூலம், மூன்றாம் நிலை. வெளிக்குப் போகும்போது இறங்குவதைக் கையால்தான் உள்ளே தள்ளவேண்டும். தானே உள்ளே போய்விடுவது இரண்டாம் நிலை. தள்ளினாலும் போகாதது நான்காம் நிலை. ரப்பர் வளையம் இரண்டு முறை போட்டாயிற்று. மறுபடியும் இறங்கிவிட்டது.

இது புதிதாக முளைத்த கட்டி அல்ல. ஆசனவாயினுள் எல்லோருக்கும் பிறவியிலேயே ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தைகள் உண்டு. அது இறுக மூடிக்கொள்ள உதவுபவை. தாங்கும் திசு தளர்ந்து அவை சரிவதே நோய் என்று 1975-ல் தாம்ஸன் எழுதினார். ஆகவே கத்தி எடுப்பவர் தீர்மானிக்க வேண்டியது எதை வெட்டுவது என்பதை மட்டுமல்ல.

1882-ல் வைட்ஹெட் சுற்றிவர எல்லாவற்றையும் வெட்டியெடுத்தார். சிலருக்கு ஆசனவாய் சுருங்கிப்போயிற்று. சிலருக்கு உள்சவ்வு வெளியே பிதுங்கி நின்றது. 1937-ல் மில்லிகனும் மார்கனும் மூலங்களை மட்டும் வெட்டி, புண்களைத் தைக்காமல், ஒவ்வொரு புண்ணுக்கும் இடையில் தோலையும் சவ்வையும் பாலம்போல் விட்டுவைத்தார்கள். ஆற வாரக்கணக்காகும், வலி கடுமை. 1998-ல் லாங்கோ சொன்ன முறையில் மூலத்தை வெட்டுவதேயில்லை. அதற்கு மேலே, வலி அதிகம் தெரியாத பகுதியில், வளையமாகச் சவ்வை ஸ்டேப்ளரால் அறுத்துத் தைத்து, சரிந்ததை மேலே இழுத்துவிடுகிறார்கள். வலி குறைவு; திரும்ப வருவது அதிகம்.

டாக்டர் இவற்றை விலைப்பட்டியல் போலச் சொன்னார். இதில் வலி, அதில் மறுபடியும் இறங்கும் வாய்ப்பு. எல்லாம் தீரும் என்று எதைப் பற்றியும் சொல்லவில்லை. சமீபத்தில் நான் படித்த மதிப்புரைகள் எதிலும் இந்த நாணயம் இல்லை.

மில்லிகன்-மார்கனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வலி என்றைக்காவது முடியும்; விரலால் தள்ளும் காரியத்துக்கு முடிவு தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: 'நடுவில் எவ்வளவு விட்டுவைப்பீர்கள்?' 'அதைப் பார்த்துக்கொண்டுதான் வெட்டுவேன்' என்றார்.

லீவு விண்ணப்பத்தில் காரணத்தை முழுசாக எழுதியிருந்தேன். 'வயிற்று ஆபரேஷன் என்று போட்டுவிடுங்களேன் சார்' என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. நான் மாற்றவில்லை.