வள்ளூர் சாலையும் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையமும்

மீஞ்சூரைத் தாண்டி காமராஜர் துறைமுகம் பக்கம் திரும்பினால் வள்ளூர். ஒரு பக்கம் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. 2001-ல் துறைமுகம் செயல்படத் தொடங்கிய பிறகு இந்தச் சாலைகளுக்கு ஓய்வே இல்லை.

சக்கரம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். ராணுவத்தின் ஸ்டாலியன் லாரியைத் தந்த அசோக் லேலண்டுக்கு எண்ணூர்தான் தாய்வீடு.

லாரி இருக்கும் இடத்தில் பஞ்சர் கடையும் இருக்கும். அங்கே நடக்கும் ஒரு வேலையில்தான் உயிர் ஊசலாடுகிறது.

கார் டயரை நெம்பி டிஸ்க்கில் ஏற்றிவிடலாம். டியூப் போட்ட கனமான லாரி டயர் அப்படி வளைந்து கொடுக்காது. அதனால் பழைய ராணுவ வண்டிகளிலும், டியூப் டயர் லாரிகளிலும் டிஸ்க் ஒரே துண்டாக இருப்பதில்லை. டயரை நுழைத்த பிறகு, இரும்பு வளையம் ஒன்றை டிஸ்க்கின் பள்ளத்தில் உட்காரவைப்பார்கள். அதுதான் லாக் ரிங். டயர் கழன்று வராமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வளையமே.

காரில் 30, 35 பி.எஸ்.ஐ. காற்று போதும், லாரிக்கு 100-க்கும் மேல் வேண்டும். வளையத்தின் மேல் விழும் மொத்த அழுத்தம் பல டன். துருவோ, விரிசலோ, மண்ணோ இருந்து வளையம் சரியாக உட்காராவிட்டால், காற்று ஏறும்போதே தெறித்துவிடும். எதிரே நிற்பவர் விலக நேரமே இருக்காது.

உயிர் காக்கும் பழக்கங்கள் எளியவைதான். சக்கரத்தைக் கழற்றும் முன்பே வால்வுக்குள் இருக்கும் பின்னை எடுத்து, காற்று முழுவதையும் இறக்கிவிட வேண்டும். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும். பள்ளத்தையும் வளையத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். வளைந்த, விரிசல் விட்ட ரிங்கை வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. வேறு டிஸ்க்கின் ரிங்கைப் பொருத்துவதும் தவறு. காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டவே கூடாது. காற்று குறைந்தபடியே ஓடிவந்த டயரை அப்படியே நிரப்பாமல், கழற்றி உள்ளே பார்த்த பிறகே நிரப்ப வேண்டும்.

நிரப்பும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1980-லேயே இதை விதியாக்கிவிட்டார்கள். நீளமான குழாயை வால்வில் மாட்டிவிட்டு, ஆள் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். சங்கிலி சுற்றுவது கூண்டுக்கு ஈடாகாது. ரிங்கைத் தரைப்பக்கம் கவிழ்த்துப் போட்டால் போதும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. ரிங் தெறித்தால் சக்கரமே மேலே பறக்கும்.

புதிய லாரிகளில் டியூப்லெஸ் டயர் பெருகிவருகிறது. அவற்றின் டிஸ்க் ஒரே துண்டு. லாக் ரிங் கிடையாது. ஆனால் பழைய வண்டிகள் ஓடும்வரை இந்த வளையமும் ஓடும்.

இந்தப் பக்கம் காரிலோ பைக்கிலோ போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். பஞ்சர் கடையில் லாரிச் சக்கரத்துக்குக் காற்று பிடிப்பதைக் கண்டால், பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். கைபிடித்துத் தள்ளி அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கடைக்காரரிடமும், “அண்ணே, கொஞ்சம் ஒதுங்கி நின்னு பிடிங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.