சீசா இருந்த இடம்

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டவை அதில் இல்லாத பொருள்கள்தாம். நிறம் மங்கிய ஊதா வெல்வெட் தட்டில் பத்துக் குழிகள் இருந்தன. வட்டமாகச் சில, சதுரமாகச் சில, சீப்பு வைக்க ஒன்று நீளமாக. மூன்றில் மட்டும் பட்டை தீட்டிய கண்ணாடிச் சீசாக்கள். அந்த மூன்றிலும் ஒன்றுக்குத்தான் வெள்ளி மூடி. மற்ற குழிகளில் வெல்வெட் இன்னும் கருக்கழியாமல் புதிதாக இருந்தது. வெயிலும் தூசியும் படாதபடி அவற்றில் வெகுகாலம் ஏதோ உட்கார்ந்திருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நான் போனது தங்கை வீட்டுக்கு ஒரு பழைய தேக்குக் கதவு பார்க்க. அருப்புக்கோட்டையில் ஏறி, திருச்சுழி, நரிக்குடி, மானாமதுரை என்று இருபுறமும் சீமைக்கருவேலம் பார்த்தபடி போய், கதவு வாங்காமல் இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன நகரத்தார் வீடுகளுக்குக் கப்பல் கப்பலாகச் சாமான்கள் வந்த காலம் ஒன்று உண்டு. வீடுகள் பங்கு பிரிந்தபோது அவையெல்லாம் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன. இந்தப் பெட்டியும் அப்படி வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் துருவவில்லை.

விக்டோரியா ராணி காலத்தில், அதாவது 1837க்கும் 1901க்கும் நடுவில், வசதியுள்ள ஆங்கிலேயர் ஊருக்குப் போனால் கூடவே எடுத்துப் போன அலங்காரப் பெட்டி இது. குதிரை வண்டியில் போய் இன்னொருவர் மாளிகையில் இறங்கி, கொடுத்த அறையில் முதலில் திறப்பது இதைத்தான். மூடியின் உட்புறம் கண்ணாடி. அதன் பின்னால் கடிதம் செருக ஒரு தோல் மடிப்பு. சீசாக்களில் வாசனைத் தண்ணீர், பவுடர், பல்பொடி, தலைக்குப் பூசும் களிம்பு. உள்ளே ஓரத்தில் இருக்கும் பித்தளை ஊசியை மேலே இழுத்தால், அடியில் ஒரு நகை அறை விசையோடு வெளியே துள்ளும். அது துள்ளும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு ஒருமுறை துள்ளுகிறது. ரயில் வந்த பிறகு கனம் ஒரு தொல்லையாகிவிட, லேசான தோல் பெட்டிகள் பழக்கத்துக்கு வந்தன. மரப்பெட்டிகள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

பூட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயர்ந்த ரகப் பெட்டிகளுக்கு ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை வாங்கிய உருளைச் சாவிப் பூட்டைப் போடுவார்கள். லண்டன் பிக்காடில்லியில் பிராமாவின் கடைச் சன்னலில், இதைத் திறப்பவருக்கு 200 கினி என்று ஒரு பூட்டைப் பலகாலம் தொங்கவிட்டிருந்தார்கள். 1851இல், உலகக் கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை அது. என் பெட்டியில் இருப்பதும் அந்த ரகம்தான். சாவி இல்லை, திறந்த நிலையிலேயே நிற்கிறது. யாரோ ஒருத்தி அவ்வளவு காபந்தாகப் பூட்டி வைத்ததை நான் இப்போது ஒரு விரலால் திறக்கிறேன் என்ற கூச்சம் ஒவ்வொரு முறையும் வருகிறது.

மேலே ஒட்டியிருப்பது கறுப்பும் பழுப்பும் வரிவரியாக ஓடும் மரம். ஆங்கிலத்தில் கோரமண்டல் என்பார்கள். கருங்காலி இனம், இலங்கைக் காடுகளில் வளர்ந்தது, வெட்டி வெட்டி இப்போது அரிதாகிவிட்டது. அந்தப் பெயருக்குள் நம் சோழமண்டலம் இருக்கிறது. மேலே பளபளக்கும் பூச்சுக்கு வேண்டிய அரக்கும் இந்தியக் காடுகளில் பூச்சி கட்டியதுதான்.

எங்கள் ஊர் வெக்கைக்கு அந்த மேல்தகடு ஓரத்தில் சுருங்கி எழும்பியிருந்தது. பாளையம்பட்டிப் பக்கம் ஒரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்து, "வச்சிரம்" என்றார். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சிய பழைய பசை. ஈரத்துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றினார். பழைய பசையே இளகி மரத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. கடையில் விற்கிற வெள்ளைப் பசையை இதில் தொடவே கூடாது என்றார். நாளைக்கு இன்னொருவன் பிரித்து வேலை பார்க்க வேண்டியிருந்தால் அவனுக்கு வழி இருக்க வேண்டுமாம். வெள்ளி மூடியைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கவும் எனக்கு மனம் இல்லை. அதில் நடக்கும் சிங்கம், சிறுத்தை முகம், ராணியின் தலை என்று குட்டி முத்திரைகள் இருக்கின்றன. சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி, சிறுத்தை லண்டன். ராணி தலை வரி கட்டியதற்கு அடையாளம். 1890இல் அந்த வரியை எடுத்துவிட்டதால் மூடி அதற்கு முந்தியது. வருஷத்தைச் சொல்லும் எழுத்து மட்டும் துடைத்துத் துடைத்தே தேய்ந்துவிட்டது.

மற்ற மூடிகள் எங்கே போயிருக்கும் என்பது இந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் மூடிகளைக் கழற்றி உருக்கிவிடுவார்கள். மரத்தை எடைபோட்டு வாங்க ஆள் இல்லாததால் பெட்டி தப்பிக்கும்.

அப்பத்தாவிடமும் ஒரு பெட்டி இருந்தது. பூவரசம் பலகையில் செய்த, மூடிக்குள் கண்ணாடி பதித்த பெட்டி. கண்ணாடியில் பாதி ரசம் போய்விட்டது. முகம் பார்க்கத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். உள்ளே மரச்சீப்பு, சவுரி, சிரட்டையில் காய்ந்த சாந்து, துணியில் முடிந்த தண்டட்டி, ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ். அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆயிற்று என்பார்கள் எங்கள் ஊரில். மாலையில் மல்லிகை அரும்பைக் கட்டி முடித்ததும், மிஞ்சின நார்கூட அந்தப் பெட்டிக்குள்தான் போகும். தறியும் பாவும் நூலும் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும். வீட்டில் மூலைக்கு மூலை யாராவது இருந்தார்கள். அவளுக்கென்று இருந்த இடம் அந்த ஒன்றேகால் அடிதான். நாங்கள் கேட்காமல் திறந்ததில்லை.

வானம் பொய்த்த ஒரு வருஷம், தறியும் ஓடாத நேரத்தில், அத்தைக்குக் கல்யாணம் கூடிவந்தது. சிமிழ் கடைக்குப் போனது. அதன்பின் குங்குமத்தை ஒரு மருந்து டப்பாவில் வைத்துக்கொண்டாள். ஆனால் டப்பாவைச் சிமிழ் இருந்த மூலையில் வைக்கவே மாட்டாள். அந்தப் பக்கம் தள்ளித்தான் வைப்பாள். பெட்டியின் பலகையில் ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டத் தடம், சுற்றிலும் குங்குமச் சிவப்பு.

போன பங்குனியில் அத்தை வந்திருந்தாள். எழுபது தாண்டிவிட்டது. மேசைமேல் இருந்த வெள்ளைக்காரப் பெட்டியைத் திறந்து காட்டினேன். மூடியையும் சீசாவையும் அவள் தொடவில்லை. வெறும் குழி ஒன்றில் சுட்டுவிரலை விட்டு வட்டமாக ஓட்டிப் பார்த்தாள்.

"இதுல என்னய்யா இருந்துச்சு?"

"சீசா, அத்தை. வெள்ளி மூடி போட்டது. வித்துட்டாங்க போல."

விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"யாரு கல்யாணத்துக்கோ" என்றாள்.