11ஆம் எண் கூண்டு

மழைக்காலம் வந்தாலே காரைக்கால்காரர்களுக்கு இரண்டு அறிவிப்புகள் மனப்பாடம். ஒன்று, பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை. இன்னொன்று, துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பது. எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 10 என்றால் பெரும் அபாயம். அதற்கு மேலும் ஒரு எண் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

11ஆம் எண் கூண்டு. புயல் இன்னும் பெரியது என்று அதற்கு அர்த்தம் இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து வரும் என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார்... அவ்வளவுதான் அர்த்தம். இதை யோசித்தவர் யாரோ, கெட்டிக்காரர். நெருக்கடி நேரத்தில் முதலில் அறுந்துபோவது தகவல்தான் என்று தெரிந்து, அதற்கும் ஒரு எண் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

ஆனால் கூண்டு என்பது புயலுக்கு. காரைக்காலில் இருக்கும் வானிலைத் துறை ராடாரும் புயலுக்குத்தான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை வந்தது புயல் அல்ல.

சுமத்ரா பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை சுமார் 6.29க்கு. ரிக்டர், கிக்டர் என்று பிறகு ஊரே பேசியது, அளவு 9.1. நம் கரைக்கு அலை வந்தது ஏறத்தாழ 9 மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம்! காரைக்கால்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ கடலோரத்தில் இருக்கும் ஒருவர் உயிர் பிழைக்க மேற்கே ஒரு கிலோமீட்டர் நடந்திருந்தால் போதும். கால் மணி நேர நடை.

அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன நடந்தது? யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கார் நிக்கோபாரில் இருந்த விமானப்படைத் தளம் மூழ்குகிறது என்ற செய்தி 8 மணிக்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டது. வானிலைத் துறை டெல்லியில் மந்திரிக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. எந்த மந்திரிக்கு? ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஃபேக்ஸ் போனது பழைய மந்திரி முரளி மனோகர் ஜோஷிக்கு! உள்துறைக்கும் அமைச்சரவைச் செயலகத்துக்கும் தகவல் போய்ச் சேர்வதற்குள் தமிழகக் கரையில் எல்லாம் முடிந்திருந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். பெரும்பாலோர் காரைக்கால் மக்கள். பக்கத்து நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேல்.

இத்தனைக்கும் ஃபேக்ஸ் மிஷின் வேலை செய்தது, போன் வேலை செய்தது, ஆட்களும் ஆபீசில் இருந்தார்கள். பட்டியலில் ஒரு பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தினமும் பயன்படுத்தும் நம்பராக இருந்திருந்தால் மே மாதமே மாற்றியிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று, அதே யூனியன் பிரதேசத்தில், அதே காலையில் நடந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் ஒரு தகவல் மையம் இருந்தது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் தொடங்கியவற்றில் ஒன்று. பூட்டியிருந்த கதவை உடைத்துப் போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே ஓடியது. சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. 3,600 பேரில் ஒரு உயிர் கூடப் போகவில்லை.

அது சுனாமிக்காக வைத்த ஒலிபெருக்கி இல்லை, கவனியுங்கள். இந்தத் திட்டத்தின் கடலோர ஊர்களில் அலை எவ்வளவு உயரம் என்ற தகவலை, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுத்து, கடலுக்குப் போகிறவர்களுக்காக மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் சொன்னால் உண்மை என்று பழகிப்போன காதுகள். அதனால்தான் யாரும் நின்று கேள்வி கேட்கவில்லை.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதையும் அதே வாரம் பார்த்தோம். டிசம்பர் 30 அன்று, வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று சொன்னதை நம்பி, மறுபடி சுனாமி வரலாம் என்று உள்துறையே அறிவித்தது. கடற்கரை முழுக்க ஓட்டம். நிவாரண வேலை செய்தவர்களும் ஓடினார்கள். பிறகு வேறொரு மந்திரி அதெல்லாம் வெறும் பேச்சு என்றார். முதல் முறை சொல்லாமல் விட்டது, இரண்டாம் முறை இரண்டு வாயால் சொன்னது. இரண்டாவதும் சின்னத் தப்பில்லை.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ரா அருகே 8.6 அளவில் அதிர்ந்தபோது சில நிமிடங்களில் தகவல் வந்தது. தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. அதையும் அதே மையமே சொல்லி, அன்றே எச்சரிக்கையை விலக்கியது.

காரைக்காலுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலைமை இருப்பது சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில், நடுவில் தமிழ்நாடு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் (வேறு காரணத்துக்காகப் பிரபலமான இடம்தான்!) நாகூர்; அங்கே உத்தரவு சென்னையில் இருந்து வரும். கரை ஒன்று, அதிகாரம் இரண்டு. மழை விடுமுறையில் இதன் சின்ன ருசியை மாணவர்கள் அறிவார்கள்: அங்கே லீவு, இங்கே இல்லை. லீவு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நாகூரில் வெளியேறச் சொல்லி, அடுத்த ஊரான பட்டினச்சேரியில் ஒன்றும் சொல்லாவிட்டால் அங்குள்ளவர் யாரை நம்புவார்? இரண்டு கலெக்டர் ஆபீசும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஒரு போன் நம்பர் வேண்டும், மாதம் ஒரு முறையாவது அதில் யாராவது உண்மையிலேயே பேச வேண்டும்.

ஹைதராபாத்தில் இருந்து காரைக்காலுக்குச் செய்தி வர நிமிடங்கள் போதும். 2023இல் சோதனைக்காக எல்லார் செல்போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்த வழியும் இருக்கிறது. ஆனால் 2018 நவம்பர் கஜா புயலில் டெல்டாவில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் செல்போன் வெறும் கட்டையானது. அப்படி ஒரு நாளில் கட்டுப்பாட்டு அறையில் இருந்து கடலோரத் தெரு வரைக்கும் செய்தியைக் கொண்டுபோக வேண்டியது ஊர்ப் பஞ்சாயத்தின் மைக்செட்தான். அதற்கு ஒரு பேட்டரி, அறைச் சாவி யாரிடம் என்று தெரிந்த நாலு பேர்.