பள்ளி வாசலோடு நின்ற திட்டம்

நவம்பர் 1 என்ற தேதி பாறசாலை வட்டாரத்தில் எளிதில் மறக்கக் கூடியதல்ல. 1956-இல் அந்த நாளில்தான் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கியது. அக்காள் களியக்காவிளையில், தங்கை இஞ்சிவிளையில் என்று குடும்பங்கள் இரண்டு மாநிலங்களில் வாழப் பழகிக்கொண்டன. 65 ஆண்டுகள் கழித்து, 2021-இல், கொரோனாவால் பூட்டிய பள்ளிகளை இரு மாநிலங்களும் அதே தேதியில் சிறு குழந்தைகளுக்குத் திறந்தன. தேதி மட்டும்தான் பொருந்தியது. தமிழகத்தில் 9-ஆம் வகுப்பு மாணவர்கள் செப்டம்பர் 1 முதலே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கேரளத்தில் அதே வகுப்புக்கு நவம்பர் 15 வரை காத்திருப்பு.

இந்தக் காத்திருப்பின் கணக்கு இஞ்சிவிளைப் பக்கத்துத் தாய் ஒருவருக்கு விரல்நுனியில் இருந்தது. அவர் 'அண்டி ஆபீஸ்' தொழிலாளி. முந்திரி ஆலைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். உரித்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. கணவர் திருவனந்தபுரத்தில் கொத்தனார், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். மகள் 9-ஆம் வகுப்பு. மகன் 2-ஆம் வகுப்பு என்று பெயர். வகுப்பறையைக் கண்ணால் பார்த்ததில்லை. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அவனுக்கு விக்டர்ஸ் தொலைக்காட்சிதான் பள்ளிக்கூடம்.

எனவே பள்ளி திறக்கும் செய்தி கேட்டு முதலில் மகிழ்ந்தவர் அவர்தான். மகிழ்ச்சி பெற்றோர் கூட்டம் வரை நீடித்தது. கைபேசியில் நடந்த அந்தக் கூட்டத்தில் பெஞ்சுக்கு எத்தனை பேர், காய்ச்சல் பார்க்கும் கருவி எங்கே, சோப்பு எங்கே, 'பயோ பப்பிள்' என்றால் என்ன என்று விளக்கமாகச் சொன்னார்கள். பிள்ளைகள் குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஒரு குழுவுக்குத் தொடர்ந்து 3 நாள். வகுப்பு மதியம் வரை மட்டும்.

"சாரே, மத்தியானம் விட்டா பயல யாரு கூட்டிட்டு வருவா? எனக்கு அஞ்சு மணி வரை வேல இல்லியா?" என்று அவர் கேட்டார். அரசு உத்தரவு அப்படித்தான் என்று பதில் வந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

உத்தரவு மலையாளத்தில் இருந்தது. அவர் மலையாளம் சரளமாகப் பேசுவார்; படிக்கத் தெரியாது. சம்மதக் கடிதத்தை மகள்தான் வாசித்துச் சொன்னாள். தாய் கையெழுத்துப் போட்டார்.

முதல் இரண்டு வாரங்கள் சிக்கலில்லாமல் ஓடின. காரணம் திட்டமல்ல, மகள். அவளுக்குப் பள்ளி திறக்காததால் தம்பியை அவளே அழைத்து வந்தாள். 15-ஆம் தேதி அவளும் போகத் தொடங்கியதும் ஏற்பாடு குலைந்தது. அக்காளுக்கும் தம்பிக்கும் வேறு வேறு பள்ளிகள். ஆனால் இருவருக்கும் ஒரே 3 நாட்கள். ஒருவரை அடுத்த குழுவுக்கு மாற்றினால் தம்பி போகும் நாளில் அக்காள் வீட்டில் இருப்பாள். தாய் கேட்டது இவ்வளவுதான். இரண்டு தலைமை ஆசிரியர்கள் தொலைபேசியில் பேசினால் முடிந்திருக்கும். பட்டியல் தயாராகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள் இரண்டு இடத்திலும். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் பாதி வேலையில் எழுந்து ஓடினார். அந்த நாட்களில் தராசில் எடை குறைந்தது.

தலைமை ஆசிரியர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கும் பயம் இருந்தது. 10-ஆம் வகுப்புக்காகப் பள்ளிகள் ஓரளவு திறந்திருந்த 2021 பிப்ரவரியில் மலப்புரம் மாவட்டத்தில் இரண்டே பள்ளிகளில் 250-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. இன்னொரு முறை அப்படி நடந்தால் பழி முதலில் விழுவது அவர்கள் தலையில்தான். ஆகவே கட்டடத்துக்குள் எதைக் கட்டுப்படுத்த முடியுமோ அதைக் கட்டுப்படுத்தினார்கள். வாசலுக்கு வெளியே இருந்த குழந்தை குடும்பத்தின் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

பள்ளிகளைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும் என்பதும் அந்தத் தாயின் கட்சியல்ல. பூட்டியிருந்ததன் விலையை அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் 2021 ஆய்வு காட்டியிருந்தது: 5 மாநிலங்களில் சோதித்த 16,000 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் 92 சதவீதத்தினர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறன் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். தன் மகன் இழப்பதற்குக்கூட எதையும் கற்றிருக்கவில்லை என்பதே அவருடைய ஆதங்கம். திறக்கட்டும், ஆனால் எங்களையும் கேட்டுத் திறக்கட்டும் என்பதுதான் அவர் வாதம்.

இடையில் ஒமிக்ரான் வந்து சிறு வகுப்புகளை மறுபடி மூடியது. 2022 பிப்ரவரி 21-இல்தான் கேரளப் பள்ளிகள் மாலை வரை இயங்கத் தொடங்கின. அன்றைக்குத் தீர்ந்தது அவர் சிக்கல், யாரும் தீர்த்து வைக்காமலே.

ஆனால் பூட்டும் திறப்பும் முடிந்துபோன கதையல்ல. 2023 செப்டம்பரில் நிபா வைரஸ் தலைகாட்டியபோது கோழிக்கோடு மாவட்டப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. அடுத்த முறை கூடிப் பேசும்போது சோப்பையும் பெஞ்சையும் எண்ணட்டும். கூடவே, எந்தெந்தப் பிள்ளைக்கு மதியம் வீட்டில் ஆள் இல்லை, யாருடைய அக்காள் அடுத்த பள்ளியில் படிக்கிறாள், எந்தத் தாய்க்கு உத்தரவைத் தமிழில் தர வேண்டும் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். வகுப்பு ஆசிரியருக்கு அது ஒரு மாலை நேர வேலை.