காலித் தோட்டா

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. நான்கு நாள் கழித்துத்தான் மரக்காணத்து வீட்டுக்குப் போக முடிந்தது. உப்பளம் எது, கழுவெளி எது, வயல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எங்கும் ஒரே தண்ணீர். பழைய வீட்டின் பின்கட்டில் ஓடு சரிந்து பரண் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த சாமான்களை இறக்கும்போது அம்மா ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவை நீட்டினாள்.

“உங்க தாத்தாவோடது. என்ன இருக்குன்னு பாரு.”

உள்ளே இருபத்து மூன்று காலித் தோட்டாக்கள். சில காகிதக் கூடு, சில பிளாஸ்டிக். பித்தளை அடிப்பாகம் எல்லாம் பச்சை பூத்துப்போயிருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் சைக்கிள் ரிம்மே இரண்டு வருஷம் தாங்காது.

தாத்தாவிடம் ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ, அது பன்னிரண்டு போர். உரிமம் பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கியது. எந்தப் பயிரைப் பாதுகாத்தார் என்று எனக்குத் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் கழுவெளிக்கு ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் வந்து இறங்கும்போது துப்பாக்கி வெளியே வரும். துப்பாக்கிக்குத் தாள் இருந்தது. வாத்துக்கு இல்லை. (தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 1989-ல் ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல், நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். வாத்துகளுக்கு அது நல்ல வருஷம்.)

கடையில் வாங்கும் தோட்டாவுக்கு விலையும் அதிகம், உரிமத்தில் எண்ணிக்கைக் கணக்கும் உண்டு. அதனால் சுட்ட கூட்டைத் தாத்தா தூக்கி எறியவே மாட்டார். ஒருமுறை சுட்டதும் கூட்டின் வாய் பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் மடிப்பு விழுந்த இடங்களில் கீறல் விடும். காகிதம் என்றால் நைந்து பஞ்சாகும். அந்த வாயை வெட்டி எடுத்தால்தான் மறுபடி மருந்தும் தக்கையும் ரவையும் போட்டு மூட முடியும். கூட்டுக்குள் அளவாகச் செதுக்கிய சவுக்குக் குச்சியை நுழைப்பார். பலகைமேல் வைத்து இடது உள்ளங்கையால் உருட்டிக்கொண்டே, வலது கையில் பிளேடை அசையாமல் பிடிப்பார். மெல்லிய வளையம் ஒன்று கழன்று விழும். அந்த வளையங்களை நான் விரலில் மோதிரமாகப் போட்டுக்கொள்வேன்.

அளவு முக்கியம். தாத்தாவுடையது பழைய துப்பாக்கி. அதன் அறை 65 மில்லிமீட்டர் கூட்டுக்கானது. கடையில் கிடைத்ததோ 70. நீளக் கூடு உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் வாயை நெருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். சரி, ரொம்பக் குறைத்து வெட்டினாலோ, கோணலாக வெட்டினாலோ? ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டி மூடுவதற்குப் பிடிமானம் இருக்காது. அந்தச் சுருட்டல் ஒரு கணம் தாக்குப்பிடித்தால்தான் மருந்து முழுசாக எரியும். இல்லாவிட்டால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நேரம் தக்கை வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

இதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியும். கண் மங்க ஆரம்பித்ததை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

1987 தை மாதம். எனக்கு ஒன்பது வயசு. விடிவதற்கு முன் வண்டிப்பாளையம் பக்கம் கழுவெளிக் கரையில் இருந்தோம். தாத்தா, நான், வழக்கமாகக் கூட வரும் ஒரு நரிக்குறவப் பெரியவர். தாத்தாவைவிட மூத்தவர். அவர் தாத்தாவைச் ‘சாமி’ என்பார், தாத்தா அவரை ‘டேய்’ என்பார். வாத்து எங்கே மேய்கிறது என்று சேற்று வாசனையிலேயே சொல்பவர். அவரிடம் வாய்வழி கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஆனால் எங்களோடு வரும்போது அவர் சுட்டதே இல்லை. தண்ணீரில் இறங்கிப் பொறுக்குவது அவர் வேலை.

முதல் சூடு சரியாக வெடித்தது. இரண்டாவது ‘புஸ்’. ரவை முப்பதடி தூரத்தில் மழைபோல் விழுந்தது. தாத்தா எரிச்சலோடு துப்பாக்கியை மடித்து, கூட்டைத் தட்டி எறிந்து, அடுத்ததைப் போட்டார். அப்போது அந்தப் பெரியவர் குழலைக் கையால் பிடித்துக் கீழே அழுத்தினார்.

“வேணாம் சாமி. உள்ள என்னமோ நிக்குது சாமி.”

தாத்தா அவரை அறைந்தார். துப்பாக்கியைத் தொட்டதற்காக.

பெரியவர் கையை எடுக்கவில்லை. கன்னத்தைத் தடவக்கூட இல்லை. தோட்டாவை உருவி என் கையில் கொடுத்தார். தன் துப்பாக்கியிலிருந்து கெட்டிக்கிற குச்சியை இழுத்துத் தாத்தாவின் குழலுக்குள் விட்டார். பாதியில் நின்றது. இரண்டு குத்து. பின்பக்கமாகத் தக்கை வந்து சேற்றில் விழுந்தது. அவருடைய குச்சியில் ஒரு வெட்டுக்குறி இருந்தது நினைவிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கையால் கெட்டிப்பவருக்கு, குழல் காலியா நிறைந்திருக்கிறதா என்று சொல்வது அந்தக் குறிதான். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தவர் எங்களுக்குக் காட்டத்தான் குச்சியை விட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து தாத்தா பாட்டியிடம் சொன்னது: “நல்ல வேளை, நான் பாத்துட்டேன். இல்லன்னா இன்னிக்கு கண்ணு போயிருக்கும்.” பாட்டி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை அப்படியே நிலைத்துவிட்டது. 1998-ல் தாத்தா இறந்து பதினாறாம் நாள் காரியத்தில்கூட பெரியப்பா சொன்னார், எவ்வளவு உஷாரான மனுஷன் என்று. அந்த நாளுக்குப் பிறகு தாத்தா ஒரு சவுக்குக் குச்சியை நீளமாகச் செதுக்கி, வெட்டுக்குறி போட்டு, ஒவ்வொரு சூட்டுக்கும் குழலில் விட்டுப் பார்ப்பார். எங்கே கற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

1991-ல் காட்டுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் எடுத்துவிட்டார்கள். அதே 1991-ல்தான் அமெரிக்காவில் நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவை நாடு முழுக்கத் தடையானது. ஒரு தோட்டாவில் சின்ன ரவை என்றால் நூற்றுக்கணக்கில் இருக்கும். வாத்தின் உடம்பில் நாலோ ஐந்தோ ஏறும், மீதி சேற்றில். இரையை அரைக்க மணல் பொறுக்கி விழுங்கும் வாத்து, இந்த ரவையையும் விழுங்கிவிடும். சுடப்படாத வாத்தும் அதனால் சாகும். தாத்தா முப்பது வருஷம் சுட்டார். கணக்குப் போட உட்கார்ந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷம்தான், கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். ஆனால் பறவை வேட்டை என்று பேச்சு வந்தால் யார் பெயர் முதலில் அடிபடும் என்று உங்களுக்கே தெரியும். கஞ்சிபோட்ட வேட்டியும் பயிர்ப் பாதுகாப்பு உரிமமும் வைத்திருந்த என் தாத்தா பெயர் எந்தப் பேச்சிலும் வந்ததில்லை. 2022 டிசம்பரில் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, போனில் செய்தியைப் படித்துவிட்டு, அந்தப் பெரியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவிலிருந்த கூடுகளில் ஒன்றன் வாய் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. அதே தோட்டாவாக இருக்க முடியாது, அது சேற்றில் போனது. ஆனாலும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது மாதிரி ஒண்ணுதான, அன்னிக்கு உங்க தாத்தா பாத்துட்டாரே?” என்றாள் அம்மா.

“தாத்தா பாக்கலம்மா.”

நின்றபடியே முழுசாகச் சொன்னேன். அறைந்ததையும், நான் தலையாட்டியதையும். அம்மா கூரை இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு அப்புறம் ஒருதரம் வந்தாரு,” என்றாள். “பொங்கல் கழிச்சு. வாசல்ல நின்னு சாமி இருக்காரான்னு கேட்டாரு. உங்க தாத்தா உள்ளதான் இருந்தாரு. இல்லன்னு சொல்லச் சொன்னாரு.”

“யாரு சொன்னது?”

“நான்தான்.”

கூடுகளை ஒரு பையில் கொட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.