சோத்துப் பார்சலும் பொன்னாடையும்

மன்னார்,
ஆவணி மாதம்

அன்புள்ள சேது,

தனுஷ்கோடி முனையில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத தலைமன்னாரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாயே, அந்தத் தலைமன்னாருக்கு வர நான் நாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. அங்கே கப்பல் ஏறிச் சுமார் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. அப்புறம் யாழ்ப்பாணம். அப்புறம் சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி என்று ஏ32 சாலையில் தெற்கே பஸ். நேராக வந்தால் முப்பது கிலோமீட்டர் கடல். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து இங்கே கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எண்பதுகளில் சண்டை வந்து நிறுத்தியது. சண்டை 2009-ல் முடிந்துவிட்டது. 2015-ல் ரயில்கூடத் தலைமன்னாருக்குத் திரும்பிவிட்டது. கப்பலை மட்டும் காணோம். இதன் அரசியலெல்லாம் எனக்கு வேண்டாம், என் இடுப்பு வலிக்கு யாராவது பதில் சொன்னால் போதும்.

பள்ளிமுனைப் பெருக்க மரம், கோட்டை, கடைவீதியில் சொந்தக்காரர் மாதிரி நிற்கும் கழுதைகள், திருக்கேதீஸ்வரம் எல்லாம் பார்த்தாயிற்று. இவற்றைப் பற்றி எழுதாதவர் கிடையாது, நான் விட்டுவிடுகிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் பாரை மீன் குழம்பு. தேத்தண்ணியில் மட்டும் சீனியை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள்.

உனக்கென்று எடுத்து வைத்திருப்பது வேறு. இங்கே மாட்டுவண்டிச் சவாரி பார்த்தேன். நீ பந்தயக் கமிட்டிக்காரன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

தீவில் அல்ல. பாலத்தைத் தாண்டிப் பெருநிலப் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களை ஒட்டி ஒரு திடல். சிறுபோக அறுவடை முடிந்து மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் கொஞ்சம் ஓய்வான நேரம். நாம் தார் ரோட்டில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வா என்று மைல் கணக்கில் விரட்டுவோம். கோயம்புத்தூர்க்காரர்கள் ரேக்ளாவை 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்து, வண்டி வண்டியாக விட்டு நேரம் பார்ப்பார்கள். இங்கே இரண்டும் இல்லை. நேர்க்கோடாக ஒரு மண் தடம், இரண்டு பக்கமும் வேலி, பக்கத்துக்குப் பக்கம் ஓடும் வண்டிகள். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடுகிறது.

போட்டிக்கு முந்தின நாளே நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். நாளையை இன்று என்று யாரோ சொல்லிவிட்டார்கள். திடலில் ஒரு பெரியவரும் நாலு பெடியன்களும் ஓர் உழவு இயந்திரமும் மட்டும். பெரியவர் வெறுங்காலோடு தடத்தில் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். குதிகாலால் ஓர் இடத்தை அழுத்துவார், குனிந்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிசைவார், பையன்களைப் பார்த்து ஏதோ சொல்லுவார். அவர்கள் மண்வெட்டியோடு ஓடுவார்கள். போன மழைக்காலத்தில் பதிந்த சில்லுத் தடங்களை வெட்டி நிரவியாயிற்று. கரையான் புற்றை இடித்து மூடியாயிற்று. உழவு இயந்திரத்தின் பின்னால் ஒரு பனங்குற்றியைச் சங்கிலியில் கட்டித் தடம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பவுசர் வருமென்று காத்திருந்தார்கள், அது வரவில்லை. பெரியவரின் கோபம் முழுவதும் அந்தப் பவுசர்மேல்தான்.

“எந்த ஊர் தம்பி?” என்றார். சொன்னேன். எங்கள் பக்கமும் பந்தயம் உண்டு, ரோட்டில்தான் விடுவோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“தார் ரோட்டிலயா? குளம்பு என்னத்துக்கு ஆகும்?”

லாடம் அடிப்போம் என்றேன். “ஓம்” என்றார். அந்த ஓமில் மரியாதை துளியும் இல்லை, சேது. நம் ஊரை யாராவது குறை சொன்னால் எனக்கு வழக்கமாக வரும் கோபம் வந்தது. பவுசர் வராததால் அவருக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. வேலியோரம் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

மண் இறுகினால் மாட்டின் கால் அதிரும். பாதி ஓட்டத்தில் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். மண் இளகினால் சில்லு புதையும், வேகத்தில் வரும் மாடு கால் மடங்கும். கிறவல் கொட்டினால் வேலை சுலபம், ஆனால் கல் குளம்பைக் கிழிக்கும், அதனால் இந்தத் தடத்தில் ஒரு கூடைகூடக் கொட்டவிட மாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியம், இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஈரம் கூடினால் அந்தப் பக்கம் ஓடுகிறவன் தோற்பான், தோற்றவன் திடலைத்தான் சொல்லுவான், பிறகு அடிபிடி. முடிவுக் கோட்டுக்கு அப்பால் மண்ணை வேண்டுமென்றே இளக்கி விட்டிருந்தார். ஓடி வருகிற மாடு கோட்டைப் பார்த்து நிற்காது, மண்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

“வேலியை ஏன் இவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறீர்கள்?” என்றேன்.

“தியத்தலாவையில நடந்தது தெரியாதோ?”

தெரியும். 2024 ஏப்ரல் 21, பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள். அது மலைநாட்டில், பெட்ரோல் வண்டியில் நடந்தது. இந்தக் கிழவர் தன் மாட்டு வண்டித் திடலில் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார். நாம் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் ஒரு விபத்து நடந்தால் அலங்காநல்லூரில் என்ன மாற்றுகிறோம்?

சாயங்காலம் பவுசர் வந்தது. இது சோழகக் காற்றுக் காலம். தீவின் தென்கரையில் தம்பபவனி என்று முப்பது காற்றாலைகள் நிற்கின்றன, அவற்றைச் சுற்றவைக்கிற அதே காற்று இங்கே தெளித்த தண்ணீரை அரை மணியில் குடித்துவிடுகிறது. அதனால் இருட்டின பிறகு ஒரு தரம், விடியுமுன் ஒரு தரம் என்று பெரியவர் கணக்கு. பவுசர்க்காரர் ராத்திரி வேலைக்குத் தனிக் காசு கேட்டார். கொடுத்தார்கள்.

மறுநாள் காலை திடலில் ஒரு “லண்டன்காரர்” அறிமுகமானார். இங்கிலாந்தில் எங்கே இருந்தாலும் இங்கே லண்டன்காரர்தான். இவர் இருப்பது பீற்றர்பரோ. ஒரு பிரிவின் முதல் பரிசு அவர் காசு. பெரியவர் தடத்தைக் குதிகாலால் அழுத்துவதைக் காட்டி, “இதே வேலையை அங்க உழவு மெஷின் வைச்சுச் செய்வாங்கள்” என்றார். அந்த ஊரில் ஸ்பீட்வே என்று ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்ததாம். வேலை முடிந்த மாலைகளில் போய்ப் பார்ப்பாராம்.

நான் இதைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்திருந்ததால் பேச்சு வளர்ந்தது. 500 சிசி பைக், ஒரே கியர், மெத்தனால் எரிபொருள், பிரேக் கிடையாது. முட்டை வடிவத் தடத்தில் நாலு பேர் நாலு சுற்று. ஒரு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வளைவுகளில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திருப்புவார்கள், அதற்குத் தோதாகப் பொடித்த களிப்பாறையைத் தடத்தில் பரப்புவார்கள். காய்ந்தால் வழுக்கும், ஊறினால் குழி விழும். ஆகவே சில ஓட்டங்களுக்கு ஒருமுறை உழவு இயந்திரம் வந்து சமன் செய்யும், பவுசர் தண்ணீர் தெளிக்கும், சனம் பொறுமையாகத் தேநீர் குடிக்கும். இங்கிலாந்தில் இது 1928 பிப்ரவரி 19-ல், எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில் தொடங்கியதாகக் கணக்கு. சொந்த ஊர் அணி தன் ஆட்களுக்குப் பிடித்த மாதிரி மண்ணைப் பதப்படுத்திக்கொள்ளும் என்ற புகார் அங்கேயும் ஓயாதாம். இதைக் கேட்டுப் பெரியவருக்கு மெத்த சந்தோஷம். “வெள்ளைக்காரனும் அப்பிடியோ!”

கூலிக் கதைதான் எனக்குப் பிடிபட்டது. அங்கே ஓட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓர் ஓட்டத்தில் முதலாவது வந்தால் 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. புள்ளிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். பைக், எஞ்சின், மெக்கானிக், வேன் எல்லாம் ஓட்டுகிறவர் தலையில். விழுந்தால் புள்ளியும் போச்சு, பைக்கும் போச்சு. நல்ல ஓட்டக்காரர்கள் காசுக்காகப் போலந்து லீக்குக்குப் பறக்கிறார்கள். பீற்றர்பரோ அணி 1970 முதல் அந்த ஊர்ப் பொருட்காட்சித் திடலில் ஓடியது. 2021-ல் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் சாம்பியன். 2023-க்குப் பிறகு அவர்களுக்கு அந்தத் திடல் இல்லை. நிலத்துக்காரர்கள் வீடு கட்டத் திட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி, சவாரிக்கு வருகிறேன். ஏ பிரிவு, பி பிரிவு என்று சோடி சோடியாக விட்டார்கள். ஆணி வைத்த தடி கூடாது என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே, அது எனக்கு நெருடியது. மற்றபடி கண்கொள்ளாத காட்சி. இலேசான தட்டுவண்டிகள், இரண்டு சில்லும் நிலத்தில் இருந்ததைவிட ஒரு சில்லு காற்றில் இருந்த நேரம்தான் அதிகம் என்று தோன்றியது. தடம் கடைசி வரை குழி விழவில்லை. எந்தப் பக்கம் ஓடினவனும் திடலைக் குறை சொல்லவில்லை. பெரியவர் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சில்லுத் தடத்தைப் பார்த்தாரே தவிர, யார் வென்றது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

பி பிரிவில் வேலியை உரசித் தோற்ற ஒரு வண்டியை ஓட்டியவன் இருபத்தைந்து வயசுப் பையன். முழங்கை தோல் உரிந்திருந்தது. வாரநாளில் மேசன் வேலை. மாடு வேறொருவருடையது. வென்றால் முதலாளி பார்த்துக் கொடுப்பார் என்றான். தோற்றால்? கையிலிருந்த சோத்துப் பார்சலைக் காட்டிச் சிரித்தான். நாளைக்கு அந்தக் கையை வைத்துக்கொண்டு கல் எப்படி அடுக்குவாய் என்றேன். “பாப்பம் அண்ணை” என்றான்.

பரிசளிப்பில் முதலாளிமார் பெயர் வாசித்தார்கள். லண்டன்காரர் பெயர் வாசித்தார்கள். பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உழவு இயந்திரத்துக்கு வாடகை, பவுசருக்கு டீசல் காசும் ராத்திரிக் காசும், ஒலிபெருக்கிக்கு வாடகை. எல்லாம் கணக்கில் உண்டு. மண்ணைப் பிசைந்தவருக்கும் வண்டியில் நின்றவனுக்கும் அந்தக் கணக்கில் வரி இல்லை. பெரியவருக்கு இதில் மனக்குறை ஏதுமில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது நம் பக்கத்தை நினைத்துக்கொண்டு வந்தேன். ஜல்லிக்கட்டையும் வண்டிப் பந்தயத்தையும் 2014-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017-ல் சட்டத்தைத் திருத்தினோம், 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஒன்பது வருஷம் மாட்டுக்கு வலிக்கிறதா, இது மரபா என்று ஊரே வாதாடியது. வாதாட வேண்டியதுதான். ஆனால் ஓட்டுகிறவனின் கூலியைப் பற்றி யாரும் பேசி என் காதில் விழவில்லை. மறுநாள் பேப்பரில் என்ன வருகிறது? இன்னார் மாடு முதலிடம், இன்னார் மாடு இரண்டாமிடம். இங்கிலாந்தின் புள்ளிக் கணக்கு கொடுமையானதுதான், கடைசியில் வந்தவனுக்கு வெறுங்கை. என்றாலும் எவன் எத்தனை புள்ளி என்று ஓட்டினவன் பெயருக்கு நேரே எழுதுகிறார்கள். புள்ளி விலையைக் கேட்டு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறான். இங்கேயும் நம் ஊரிலும் முதலாளியின் மனசுதான் ஒப்பந்தம். மூன்றிலும் எது மேல் என்று கேட்டால் எதுவும் மேல் இல்லை, ஆனால் நம்முடையதுதான் கீழ்.

நம் ஊர்ப் புரவி எடுப்புப் பந்தயத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, போஸ்டர் அச்சுக்குப் போகவில்லை. மாட்டுக்காரர் பெயருக்குக் கீழே சாரதி பெயரையும் போடச் சொல். வண்டி கட்டி வருகிற ஒவ்வொருவனுக்கும், வென்றாலும் தோற்றாலும், ஒரு தொகை என்று நோட்டீஸிலேயே அச்சடி. கொடியைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் மட்டுமாவது தார்மேல் ரெண்டு லோடு மண் கொட்டித் தண்ணீர் தெளித்து வை. என் பங்கு நன்கொடையை இந்தத் தடவை முதல் பரிசில் சேர்க்காதே. தோற்ற வண்டிகளை ஓட்டினவர்களுக்குப் பிரித்துக் கொடு. கமிட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் ராசு